முப்பது டிகிரிக் குறிப்புகள்

வீட்டில் பீர் காய்ச்சும் நோட்டில் ஒவ்வொரு பக்கத்துக்கும் முதல் வரி அறையின் சூடு. மால்ட் எத்தனை கிலோ, ஹாப்ஸ் எந்த வகை என்பதெல்லாம் அதற்குக் கீழே. பெல்ஜியத்திலும் அமெரிக்காவிலும் எழுதிய செய்முறைகளில் இந்த வரி கடைசியில் வரும், போனால் போகிறது என்பதுபோல: 18 முதல் 20 டிகிரியில் நொதிக்க விடவும். அங்கே பல வீடுகளுக்குக் கீழே நிலவறை உண்டு. பக்கெட்டை இறக்கி வைத்துவிட்டுப் படியேறி வந்துவிடலாம். சிங்கப்பூரில் ரோவெல் ரோட்டுப் பக்கம் எங்கள் அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் பகலில் 31, விடியும்போது 27. பதினெட்டு டிகிரி என்பது இங்கே கரண்ட் பில்லில்தான் கிடைக்கும்.

*

ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் விடுகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். ருசி அதற்கு வெளியே இருக்கிறது. அந்தப் பெரிய வேலையின் நடுவில் துளித்துளியாக அது விடும் மற்றப் பொருள்களில் இருக்கிறது. ஐசோஅமைல் அசிட்டேட் என்றால் வாழைப்பழ வாசம். வினைல் குவையகோல் என்றால் கிராம்பு வாசம். ஜெர்மானியக் கோதுமை பீரில் இரண்டும் வரும். அதில் யாரும் பழத்தையும் நறுக்கிப் போடவில்லை, கிராம்பையும் தட்டிப் போடவில்லை. டைஅசிட்டைல் தங்கிவிட்டால் வெண்ணெய் வாடை.

சூடு ஏற ஏற இந்தத் துளிகள் பெருகும். 18 டிகிரியில் அடக்கமாக இருந்த அமெரிக்க ஏல் ஈஸ்டை 32இல் விட்டால், பழ வாசம் மிஞ்சிப்போய் அதற்கு மேல் ஃப்யூசல் ஆல்கஹாலும் சேரும். தொண்டையில் சுள்ளென்று இறங்கும். போதாததற்கு நொதித்தலே சூட்டைக் கிளப்பும் வேலை. அறை 29 என்றால் பக்கெட்டின் நடுவில் இரண்டு மூன்று டிகிரி கூட இருக்கும். முதல் மூன்று நாளில்தான் ருசி பெரும்பாலும் தீர்மானமாகிறது. பிறகு எவ்வளவு குளிரவைத்தாலும் வந்த ருசி போகாது.

*

ஈரத்துண்டைப் பக்கெட்டில் சுற்றி, விசிறியைத் திருப்பிவைத்தால் சூடு இறங்கும் என்று புத்தகங்களில் இருக்கிறது. மதுரையில் சித்திரை வெயிலில் மண்பானைத் தண்ணீர் சில்லென்று இருப்பது அந்தக் கணக்கில்தான். காற்று உலர்ந்திருந்தால் ஈரம் ஆவியாகும். ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். சிங்கப்பூர்க் காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல். துண்டு நாள் முழுக்க நனைந்தே கிடக்கும், பக்கெட் ஓரிரு டிகிரிதான் இறங்கும், துண்டில் பூசணம் பூக்கும்.

பொங்கோலில் புது அடுக்குமாடியில் இருக்கும் நண்பர் பாம் ஷெல்டருக்குள் பக்கெட்டை வைக்கிறார். 1990களின் கடைசியிலிருந்து கட்டிய வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் இந்தத் தடித்த கான்கிரீட் அறை உண்டு. போருக்காகக் கட்டியது; பெரும்பாலான வீடுகளில் அரிசி மூட்டையும் பழைய சூட்கேசும் கிடக்கும். "அண்ணே, குளிர்ச்சின்னு சொல்ல மாட்டேன். ஆனா ராத்திரியும் பகலும் ஒரே சூடு" என்றார். அது பெரிய விஷயம். ஈஸ்ட் ஓரளவு சூட்டைப் பொறுத்துக்கொள்ளும். ஏறி இறங்கினால்தான் மிரளும்.

*

வோர்ட்டை, அதாவது மால்ட் சாற்றை, ஆறவைப்பதிலும் இதே கதை. கொதித்து இறக்கிய சாற்றில் செம்புச் சுருளை விட்டுக் குழாய்த் தண்ணீரை ஓடவிடுவது வழக்கம். குளிர்நாட்டில் சீக்கிரமே 20க்கு வந்துவிடும். இங்கே குழாயில் வரும் தண்ணீரே 28, 29. எவ்வளவு நேரம் ஓடவிட்டாலும் அதற்குக் கீழே இறங்காது. 35ஐத் தாண்டிக் கீழே வருவதற்குள்ளேயே தண்ணீர் வீணாகிறதே என்று மனம் அடித்துக்கொள்ளும்.

அதனால் 35இல் போட்டாலும் கோபித்துக்கொள்ளாத ஈஸ்ட் எது என்று தேட வேண்டியிருந்தது. கிடைத்தது நார்வேயில்.

*

க்வெய்க் என்று அந்த ஊரில் சொல்கிறார்கள். நார்வேயின் மேற்கே, மலைக்கும் கடல்கழிக்கும் நடுவில் உள்ள பண்ணை வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த ஈஸ்ட். ஒரு முறை காய்ச்சி முடித்ததும் அடியில் படிந்ததையோ மேலே பொங்கியதையோ எடுத்து, மரவளையத்தில் பூசியோ துணியில் தடவியோ காயவைப்பார்கள். அடுத்த பண்டிகைக்கு அதைத் தண்ணீரில் போட்டால் உயிர் பெறும். வோஸ் ஊர்ப் பக்கம் சிக்முண்ட் யெர்னெஸ் என்பவர் இப்படிக் காத்துவந்த ஈஸ்டைத்தான் இன்று லாலமண்ட் நிறுவனம் உலர்த்திச் சின்னப் பாக்கெட்டில் விற்கிறது. லார்ஸ் மாரியஸ் கார்ஷோல் என்பவர் ஊர் ஊராகப் போய் எழுதிவைத்திருக்காவிட்டால் இது நார்வேயைத் தாண்டி வந்திருக்குமா என்பது சந்தேகம்.

பனிநாட்டு ஈஸ்ட் 35 முதல் 40 டிகிரியில் மகிழ்ச்சியாக வேலை செய்கிறது என்றால் முதலில் நம்பிக்கை வராது. காரணம் வானிலை அல்ல, பழக்கம். அந்தப் பண்ணைக்காரர்கள் வோர்ட்டை நன்றாக ஆறவிடாமல், பால் பதத்துச் சூட்டிலேயே ஈஸ்டைப் போட்டார்கள். சில நாளில் பீர் தயாராக வேண்டும். அந்தச் சூட்டைத் தாங்காதது செத்தது. தாங்கியது வளையத்தில் ஏறியது. நூற்றாண்டுகளாக அப்படித் தேறிவந்தது இது. 37இல் விட்டால் இரண்டு மூன்று நாளில் வேலை முடிகிறது, லேசான ஆரஞ்சுத்தோல் வாசத்தோடு. அதே சூட்டில் மற்ற ஈஸ்ட் கொடுக்கும் சாராய நெடி இதில் இல்லை.

சிங்கப்பூர்க்காரர்களில் பலர் தெரியாமலே இதைக் குடித்திருக்கிறார்கள். பொதுப் பயனீட்டுக் கழகமும் ப்ரூவர்க்ஸ் மதுவாலையும் சேர்ந்து, சுத்திகரித்த கழிவுநீரான நியூவாட்டரில் செய்த நியூப்ரூ பீர், 2018இல் ஒரு தண்ணீர் மாநாட்டில் அறிமுகமாகி 2022 ஏப்ரலில் கடைக்கு வந்தது. சாக்கடைத் தண்ணீரா என்று எல்லோரும் தண்ணீரைப் பற்றியே பேசினார்கள். அதிலிருந்த ஈஸ்ட் க்வெய்க். அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

*

தண்ணீர் பற்றி ஒரு வரி போதும். குழாய்த் தண்ணீரில் குளோரமின் இருக்கிறது. கொதிக்கவைத்தால் எளிதில் போகாது, மால்ட்டோடு சேர்ந்து மருந்து வாடை தரும். கேம்ப்டன் மாத்திரையில் சிறு துண்டு போட்டால் தீர்ந்தது.

*

ஜெர்மனியின் பவேரியாவில் 1516இல் போட்ட தூய்மைச் சட்டம் பீருக்குத் தண்ணீர், பார்லி, ஹாப்ஸ் மூன்றை மட்டுமே அனுமதித்தது. ஈஸ்ட் அதில் இல்லை. தடை செய்யவில்லை, அது ஒரு பொருள் என்றே கணக்கில் வரவில்லை. விஞ்ஞானி லூயி பாஸ்டர் பீரைப் பற்றிய தன் நூலை வெளியிட்டது 1876இல். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒற்றை உயிரணுவிலிருந்து தூய ஈஸ்டை வளர்த்தெடுத்தது 1883இல். ஈஸ்டைத் தேர்ந்தெடுப்பது என்ற பேச்சே அதற்குப் பிறகு வந்ததுதான். அதுவரை தேர்ந்தெடுத்தது பாத்திரமும் பருவமும்.

கள்ளுக்கு இன்றைக்கும் அப்படித்தான். பாளையில் கட்டிய கலயத்தில் சொட்டும்போதே நுரைக்கத் தொடங்கிவிடும். கலயத்தைக் கழுவாமல் விட்டால் நேற்றைய ஈஸ்ட் இன்றைய சாற்றில் இறங்கும். உள்ளே சுண்ணாம்பு தடவினால் அது அடங்கும், பதநீர் கிடைக்கும். நொதிக்க வேண்டுமா வேண்டாமா என்பதை ஒரு விரல் சுண்ணாம்பில் முடிவுசெய்த ஆட்கள் நம் ஆட்கள். சிங்கப்பூரிலும் தமிழ்த் தொழிலாளர்களுக்காக அரசு கள்ளுக்கடைகள் இருந்தன. 1970களின் இறுதியில் அவை இல்லாமல் போயின. வயதானவர்கள் சிலர் அந்தப் புளிப்பை இன்னும் சொல்வார்கள். காலையில் இனிப்பு, மதியம் கடுப்பு, மாலையில் காடி.

*

பெரும்பாணாற்றுப்படையில் ஒரு செய்முறை இருக்கிறது. பத்துப்பாட்டில் ஒன்று; தொண்டைமான் இளந்திரையன்மேல் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. எத்தனையோ பேர் பரீட்சைக்காகப் படித்துத் தாண்டிப்போன இடம். குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிக் காய்ச்சுவார்கள். வாய் அகன்ற தட்டில் ஆறவிடுவார்கள். முளைநெல்லை இடித்துச் செய்த அடையை அதில் பிசைவார்கள். சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் வைப்பார்கள். பிறகு விரலால் அலைத்துப் பிழிந்தெடுப்பார்கள். அதே பாட்டில் வீட்டில் காய்ச்சிய நெற்கள்ளும் வருகிறது.

வரிசை கச்சிதமாக இருக்கிறது. மாவுச்சத்தைச் சர்க்கரையாக்க முளைநெல். ஈஸ்ட் சாகாமல் இருக்க ஆறவிடுதல். நாள் கணக்கு. அந்த அடையின் மேற்புறத்தைப் புலவர் புற்றுக்குள் இருக்கும் தேன்கூடு போன்ற பொருளுக்கு ஒப்பிடுகிறார். கறையான் தனக்காகப் பூசணம் வளர்க்கும் இடம் அது. அடையின்மேலும் பூசணம் பூத்திருந்ததைத்தான் அவர் பார்த்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். உரைகாரர்கள் அப்படிச் சொல்லவில்லை.

ஊகத்துக்கு ஒரு துணை உண்டு. கேலாங் சராய் சந்தையில் வெள்ளையாக வட்ட வில்லைகள் கிடைக்கும், மலாய்க்காரர்கள் தப்பாய் செய்வதற்கு. உள்ளே பூசணமும் ஈஸ்டும் சேர்ந்தே இருக்கின்றன. பூசணம் மாவை உடைக்கும், ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னும். புளுட் என்ற ஒட்டரிசியை அவித்து, ஆறவைத்து, வில்லையைப் பொடித்துத் தூவி, மூடி, இரண்டு மூன்று நாள் வைத்தால் தப்பாய். பெரும்பாணாற்றுப்படைச் சாடியும் கேலாங் சராய்க் கிண்ணமும் ஏறக்குறைய ஒரே வெயிலில் இருப்பவை. இரண்டிலும் டிகிரி எழுதவில்லை. எழுத வேண்டிய தேவை இல்லை.

*

என் செய்முறை இப்போது நிலைத்திருக்கும் வடிவம், 20 லிட்டருக்கு: வெளிறிய மால்ட் 4 கிலோ, பனங்கற்கண்டு 400 கிராம், மல்லி 15 கிராம், அளவான கசப்புக்கு ஹாப்ஸ். தொடக்க அடர்த்தி 1.050 பக்கம் வரும். 20 டிகிரிக்கு அளவுசெய்த ஹைட்ரோமீட்டர் 30இல் ஏறத்தாழ 0.002 அல்லது 0.003 குறைத்துக் காட்டும். அதைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

மல்லியைப் பற்றிக் கொஞ்சம் பெருமைப்பட இடம் உண்டு. பெல்ஜிய வெள்ளை பீருக்கு மல்லியும் ஆரஞ்சுத்தோலும் போடுவது பழைய வழக்கம். அந்த பீர் வகை வழக்கொழிந்து போனபிறகு ஹூகார்டன் ஊரில் பியர் செலிஸ் என்ற பால்காரர் 1960களில் அதை மீட்டார். உருண்டை மொராக்கோ மல்லியைவிட நீளவாட்டத்தில் இருக்கும் இந்திய மல்லியில் எலுமிச்சை வாசம் தூக்கலாக இருக்கும் என்று மேல்நாட்டு பீர்க்காரர்களே தேடி வாங்குகிறார்கள். நமக்கு அது தேக்கா சந்தைக்கு எதிரே, மூட்டையில்.

"ரசத்துக்கா தம்பி?"

"பீருக்கு, அண்ணே."

"பீருக்கா? அப்ப நல்ல மல்லியாத்தான் தரணும்."

லேசாகத் தட்டி, கொதி முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது போட வேண்டும். வறுக்கக் கூடாது. வறுத்தால் சாம்பார்தான்.

*

அந்த 20 லிட்டரை அடுப்பிலிருந்து இறக்கி இரண்டு பக்கெட்டில் பாதிப்பாதி ஊற்றுவேன். ஒன்றில் வோஸ் க்வெய்க். மற்றதில் பெல் சேசோன்.

சேசோன் என்பது பெல்ஜியத்தின் வலோனியப் பண்ணைகளில் காய்ச்சிய பீர். அங்கே டுபோன் மதுவாலையில் இன்றும் 30 டிகிரிக்கு மேலே ஏறவிட்டு நொதிக்கவைக்கிறார்கள். அந்த வகை ஈஸ்டை வாங்கி வீட்டில் முயலும் ஐரோப்பியர்கள், வேலை நடுவில் நின்றுபோகிறதே என்று பக்கெட்டுக்கு மின்சாரப் பட்டி கட்டிச் சூடேற்றுகிறார்கள். என் சமையலறைக்கு அந்தச் செலவு இல்லை. இதை நினைத்தால் எப்போதும் கொஞ்சம் சிரிப்பு வரும்.

ஒரே மால்ட், ஒரே கற்கண்டு, ஒரே மல்லி, ஒரே கொதி. க்வெய்க் பக்கெட் நாலு நாளைக்குள் அடங்கி 1.011இல் நிற்கும், ஆல்கஹால் 5 சதவீதத்தைத் தொட்டு. நாக்கில் கொஞ்சம் கனம், ஆரஞ்சு, பின்னால் பனங்கற்கண்டின் மங்கலான நினைப்பு. சேசோன் பக்கெட் ஓய்வதே இல்லை. அந்த ஈஸ்ட் டயாஸ்டாட்டிகஸ் வகை. மற்றவை தின்ன முடியாத நீளச் சர்க்கரைகளையும் உடைத்துத் தின்றுவிடும். 1.004க்குக் கீழேகூடப் போகும், ஆல்கஹால் 6 சதவீதம். வறண்ட முடிவு, மிளகு போட்டதுபோல ஒரு காரம். கற்கண்டின் சுவடு கொஞ்சமும் இருக்காது.

மால்ட் கடையில் மணிக்கணக்காக நின்று எந்த வறுப்பு, எத்தனை சதவீதம் என்று கணக்குப் போடுகிறவர்களைப் பார்க்கிறேன். அந்தக் கணக்குக்கு மதிப்பு உண்டு. ஆனால் இந்த இரண்டு கிளாஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்தபிறகு என் மனம் மாறிவிட்டது. செய்முறை என்று நாம் எழுதுவது பாதிதான். மீதிப் பாதியை 11 கிராம் பாக்கெட் எழுதுகிறது. அதனால் பாக்கெட்டை முதலில் தேர்ந்தெடுத்து, அதற்கு என்ன பிடிக்கும் என்று யோசித்து மால்ட்டுக்கு வருவதுதான் ஒழுங்கு. சேசோனுக்கு எளிய மால்ட் போதும், கருவறுத்தது வேண்டாம். க்வெய்க் ஊட்டச்சத்து நிறையக் கேட்கும். மெல்லிய வோர்ட்டில் சோம்பிவிடும்.

சேசோன் ஈஸ்டில் ஓர் ஆபத்தும் உண்டு. அடங்கிவிட்டது என்று நினைத்துப் பாட்டிலில் அடைத்தால், உள்ளே மிச்சத்தைத் தின்று வாயுவைக் கிளப்பிப் பாட்டிலை வெடிக்கவைக்கும். அடர்த்தி பல நாள் ஒரே எண்ணில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடைக்க வேண்டும். கண்ணாடி கனமானதாக இருக்கட்டும். இங்கே அவசரம் வேண்டாம்.

*

வீட்டில் பீர் காய்ச்சச் சிங்கப்பூர்ச் சட்டம் இடம் கொடுத்தது 2004இல். 18 வயது நிறைந்தவர், தன் வீட்டில், தன் குடும்பத்துக்கு, மாதம் 30 லிட்டர் வரை. விற்கக் கூடாது. வடித்துச் சாராயம் எடுக்கக் கூடாது. கடையில் வாங்கும் பீரின் கலால் வரி ஒரு லிட்டர் ஆல்கஹாலுக்கு 60 வெள்ளி. 5 சதவீத பீர் 330 மில்லி டின்னில் அது ஏறக்குறைய ஒரு வெள்ளி. தமிழ்நாட்டில் இதைப் படிக்கிறவர்கள் பக்கெட் வாங்கிவிட வேண்டாம். அங்கே 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது.

லிட்டில் இந்தியாவில் இருப்பவனுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 2013 டிசம்பர் 8 இரவு இங்கே நடந்த கலவரத்துக்குப் பிறகு வந்த சட்டப்படி, 2015 ஏப்ரலிலிருந்து இந்த வட்டாரம் மதுக் கட்டுப்பாட்டுப் பகுதி. சனிக்கிழமை காலை 7 மணியிலிருந்து திங்கள் காலை 7 மணி வரை பொதுவிடத்தில் குடிக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை கீழே தெருவில் ஆயிரக்கணக்கான வெளிநாட்டுத் தொழிலாளர்கள், ஊருக்கு போன் பேசிக்கொண்டு, புல்தரையில் பொட்டலம் பிரித்துக்கொண்டு. அவர்களில் ஒருவர் ஒரு டின்னைத் திறந்தால் குற்றம். மேலே என் சமையலறையில் 20 லிட்டர் நுரைத்துக்கொண்டிருக்கிறது, சட்டப்படி. தங்குவிடுதியில் ஒரே அறையைப் பலரோடு பகிர்ந்து இருக்கிறவருக்கு இந்த 30 லிட்டர் உரிமை ஏட்டில் மட்டும்தான். இதை எழுதி வைக்காமல் மால்ட் கணக்கை மட்டும் எழுதினால் நோட்டு முழுமையாகாது.

*

லாகர் காய்ச்சலாமா என்று பொங்கோல் நண்பர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். லாகர் ஈஸ்ட் கலப்பினம். அதன் ஒரு பக்கத்து மூதாதையைத் தென் அமெரிக்காவில் பட்டகோனியாவின் குளிர்க்காடுகளில் கண்டுபிடித்ததாக 2011இல் அறிவித்தார்கள். 8 முதல் 13 டிகிரி கேட்கும். பிறகு வாரக்கணக்கில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் கிடக்க வேண்டும். இந்த வெயிலில் லாகர் என்பது முழுக்க முழுக்க இயந்திரத்தின் வேலை. ஹைனக்கனும் பிரேசர் அண்ட் நீவும் சேர்ந்து தொடங்கிய மலாயன் புரூவரீஸ் 1932இல் டைகர் பீரைக் கொண்டுவந்தபோது அலெக்சாண்ட்ரா ரோட்டில் குளிர்சாதனத்தையும் சேர்த்துத்தான் கட்டினார்கள்.

செய்யலாம். அதற்கென்று தனியாக ஒரு குளிர்பெட்டி, சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி, வீட்டில் அதை வைக்க இடம், வீட்டுக்காரியின் சம்மதம் எல்லாம் வேண்டும். ஒரு மாதத்துக்கு மேல் அந்தப் பெட்டியில் மோர் வைக்க முடியாது. அவ்வளவும் செய்து முடித்தபிறகு கிடைப்பது, கோப்பிக்கடையில் சில வெள்ளிக்குக் கிடைக்கும் பீருக்குப் பக்கத்தில் வரும். லாகர் வேண்டுமென்றால் டைகரை வாங்கிக் குடியுங்கள். அதை அவர்கள் நன்றாகவே செய்கிறார்கள்.